கிழிபடாத இரண்டு சீட்டுகள்

வியாழக்கிழமை உங்கள் கறுப்புக் கோட்டை எடுத்தேன். வருகிற மாதத்தோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம். இல்ஃபோர்டில் பழைய உடுப்பு வாங்குகிற சரிட்டிக் கடையில் கொடுத்துவிடலாம் என்று மடிக்கும்போது கீழ் விளிம்பில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வலப்பக்கப் பொக்கற்றில் ஓட்டை, தைத்துத் தாரும் என்று எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஓட்டைக்குள்ளால் விழுந்து ஏழு வருடம் துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் கிடந்திருக்கின்றன, அரிசோனாக் குகைப் பூங்காவின் இரண்டு நுழைவுச்சீட்டுகள்.

உள்ளே விடும்போது கிழிக்கிற நுனி இரண்டிலும் கிழிபடவில்லை. ஒன்று என்னுடையது, அது கிழிபடாத காரணம் எனக்குத் தெரியும். மற்றது உங்களுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

அங்கே வேலைக்குப் போயிருந்த மகன் ஆசையாக எடுத்துத் தந்த சீட்டுகள். பாலைவனத்துக்கு அடியில் இப்படி ஒரு குகை, அப்பாவும் அம்மாவும் பார்க்கவேண்டும் என்று தொலைபேசியில் ஒரே துள்ளல். நீங்களும் சிரித்துச் சிரித்து நன்றி சொன்னீர்கள். போனை வைத்த பிறகுதான் முகம் மாறியது.

ஊரில் பத்தொன்பது வயதில், சண்டைக்குப் பயந்து மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் இருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்து வாசல் மூடி, அரை நாள் இருட்டில் கிடந்ததை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னீர்கள், அதுவும் கலியாணம் கட்டின புதிதில். மகனிடம் சொல்லவே இல்லை. லண்டனில் முப்பது வருடம் இருந்தும் நீங்கள் ஒருநாளும் சுரங்க ரயிலில் ஏறியதில்லை. கிங்ஸ்பரியில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்கும் மூன்று பஸ் மாறித்தான் போவோம். "மேலால போனால் ஊரைப் பாக்கலாம்" என்பீர்கள். மழையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும், பார்க்க ஒரு ஊரும் இருக்காது.

"உங்களுக்கு ஏலுமோ?" என்று அன்றைக்கு நான் கேட்டேன்.

"பெடியன் ஆசைப்பட்டு எடுத்திருக்கிறான். வேண்டாம் எண்டு சொல்லி அவன்ர முகத்தை வாட வைக்கக் கூடாது" என்றீர்கள். பிறகு, சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல், "நீர் பக்கத்தில நிண்டால் ஏலும்" என்றீர்கள்.

பாலைவனம்தானே என்று நீங்கள் அடுக்கியது மெல்லிய சேட்டுகளும் ஓலைத் தொப்பியும். கறுப்புக் கோட்டைத் திணித்தவள் நான். "அங்கை ஒட்டகத்துக்குப் போர்த்தவோ?" என்று பகிடி பண்ணினீர்கள். கடைசியில் அந்த மலைப் பாதையில் கார் ஏறும்போது வானம் இருண்டு பனி கொட்டத் தொடங்கியது. கள்ளிகள் எல்லாம் வெள்ளையாக நின்றன. பூங்காவில் வேலை செய்கிறவர்களே வெளியே வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கே அது புதினம். பாதையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் மகன் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பெற்றோல் அடிக்கக் கீழே போனான்.

நான் எப்படிப்பட்ட நிலையில் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் நாலு நாள் தொடர்ந்து ஷிப்ட் முடித்த கையோடு விமானம் ஏறியவள். எலும்பெல்லாம் நொந்தது. வரவேற்பு மண்டபத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சோபா கிடந்தது. இருந்தேன். அதற்குமேல் என்னால் எழும்ப முடியவில்லை.

"இஞ்சரும், கூப்பிடுகினம். வாரும்" என்றீர்கள்.

"எனக்கு ஏலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ஒண்டரை மணித்தியாலம்தானே. நீரும் வாரும்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்கள் என்ன சின்னப்பிள்ளையே?" என்றேன்.

உங்கள் கையுறைகளைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுத ஆசைதான். ஞாபகம் வந்தது. வந்தும் நான் எழும்பவில்லை. அவ்வளவு களைப்பு.

நீங்கள் திரும்பி வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தேன். உங்கள் தலையும் தோளும் நனைந்திருந்தன. "உள்ளுக்குக் கூரையால தண்ணி சொட்டுது" என்றீர்கள். கோயில் தூண் மாதிரிக் கல்லுத் தூண்கள், சீலை மடிப்பு மாதிரித் தொங்கும் பாறை, விளக்கை அணைத்துக் காட்டிய இருட்டு என்று ஒன்றொன்றாகச் சொன்னீர்கள். "வெளியில பனி, உள்ளுக்கு நல்ல சூடு" என்றீர்கள். அப்படிச் சொன்ன மனுசனின் கை ஐஸ்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. கையுறையைத் தந்துவிட்டுப் போனால் வேறென்ன என்று அதற்கும் நான்தான் ஏசினேன். நீங்கள் சொன்னதெல்லாம் அந்த மண்டபத்துச் சுவரில் படமாகத் தொங்கியிருக்கவேண்டும். நான் நித்திரை, பார்க்கவில்லை.

மகனுடைய மனம் நோகக்கூடாது என்று, இரண்டு பேரும் போனதாகச் சொல்வோம் என்றீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாள் விழாவிலும் "நாங்கள் போனனாங்கள்" என்றே கதையைத் தொடங்குவீர்கள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். என்னுடைய பொய்யை நீங்கள் மூடிக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, தனியாகவே போய் வந்துவிட்டாரே என்று. "குகைக்குள்ள போன மனுசன் ஏன் இன்னும் பஸ்ஸில இழுபடுறீங்கள்?" என்று கேட்டால், "பழகிப் போச்சு" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை வைத்தாவது நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

குகைக்குள் போகாமல் ஒன்றரை மணித்தியாலம் அந்தப் பனியில் எங்கே நின்றீர்கள்? மண்டபத்துக்குள் வந்து என் பக்கத்தில் இருந்திருக்கலாமே. என்னை எழுப்பி ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு பாரம் இருந்திராது. உங்களில் கோபமாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை.

கோட்டைக் கொடுக்கவில்லை. சீட்டுகளை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கை நுனி வரை மூடுகிறது. ஓட்டையை இனித் தைக்கப்போவதில்லை.

இன்று ஞாயிறு, மகன் வழமைபோல அழைத்தான். குரல் சரியில்லை. பங்கர் கதையை உங்கள் தம்பி போன கிழமை அவனிடம் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாதம்மா. அப்பாவைப் போய் ஒரு குகைக்குள்ள அனுப்பியிருக்கிறன். உள்ளுக்கு என்ன பாடுபட்டாரோ."

"ஒரு பாடும் படேல்லை. ஆசையாத்தான் பாத்தவர். எத்தனை தரம் அந்தக் கதையைச் சொன்னவர், நீயும் கேட்டனிதானே."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே, அம்மா?" என்றான்.

ஓம் ராசா, பக்கத்திலதான் நிண்டனான் என்றேன்.