புள்ளிக்கோட்டின் மேல் ஆறு வீடுகள்

9-12-1967

சுவர் விரிசலை மூன்றாவது தடவையாகப் பூசி அடைத்தேன். நோன்பு வாயோடு செய்ததில் உடம்பு முறிந்துவிட்டது. நான் பூசுவதும் அது பிளப்பதுமாகவே ஆயுசு கழிந்துவிடும் போலிருக்கிறது.

பென்னாகரத்தின் இந்தத் தெருவில் வரிசையாக ஆறு வீடு. மனையை வாங்கி ஆறாகப் பிரித்துக் கொடுத்து, கட்டும்போது மேற்பார்வை பார்த்தது நான். கட்டியது காசிம் மச்சான், என் அக்கா புருஷன். நாலு வருஷம்கூட ஆகவில்லை, ஆறு வீட்டிலும் விரிசல். எனக்குத் தெரிந்த கதையை எனக்கே ஏன் எழுதுகிறேன்? அலுப்புதான்.

போன வருஷம் டீக்கடையில் வாய் சும்மா இராமல், "மச்சான் சிமெண்டக் கொறச்சு மணலக் கூட்டிட்டாரு போல" என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இன்று ரஹமத் பீவி அக்கா வந்து, "நீ சொன்ன ஒத்த வார்த்தடா தம்பி. ஊரே கெட்டியாப் புடிச்சிக்கிச்சு" என்றாள். நான் கையைக் கழுவினேன்.

13-12-1967

கொய்னாவில் பூகம்பம் என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருக்கிறான். பூமிக்கடியில் பிளவு இருக்கிற இடத்தில்தான் இப்படி ஆகுமாம். படித்ததும் எனக்குள் ஓர் ஆசை. நம் தெருவுக்கு அடியிலும் பிளவு இருந்தால்? மச்சான் மேல் தப்பில்லை என்று ஆகிவிடுமே! ஊர் அழிந்தாலும் பரவாயில்லை என்கிற ஆசை. என்ன மனுஷன் நான்.

கடைசி வீட்டு முனிராஜிடம் சொன்னேன். பாய்ந்துவிட்டார். "பாய், பொண்ணு கல்யாணத்துக்கு வூட்ட விக்கலாம்னு இருக்கேன். பூமி பொளந்திருக்குதுன்னு கெளப்பி வுட்டுடாதீங்க!"

20-12-1967

பாறை ஆராய வந்த சர்க்கார் கூட்டம் ஒன்று பயணியர் விடுதியில் தங்கியிருக்கிறது. அதில் சவுரியப்பன் என்ற அதிகாரி இன்று என் பிரேம் கடைக்கு வந்தார். சாமி படம், கல்யாணப் படம் எல்லாம் சட்டம் போட்டிருக்கிறேன். வரைபடம் இதுதான் முதல் தடவை. பாறைகளின் வரைபடம். வத்தல்மலைப் பக்கமிருந்து ஒரு சிவப்புக் கோடு வருகிறது, எங்கள் ஊருக்கு அருகில் புள்ளி புள்ளியாகிவிடுகிறது.

"இது என்னங்க சார்?"

"பாறையில பழைய பிளவு."

"இங்க ஏன் புள்ளி வச்சிருக்கீங்க?"

"கண்ணால பாத்த எடத்துல முழுக்கோடு. இருக்கும்னு நெனைக்கிற எடத்துல புள்ளி."

எங்கள் தெரு புள்ளியில் இருக்கிறது. அதாவது, அவருக்கும் தெரியாது.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி வைக்கச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். "உங்ககிட்ட கண்ணாடிக்கா பாய் பஞ்சம்?" என்று சிரித்தார்.

22-12-1967

ஆறு வீட்டிலும் வீட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு துண்டு ஒட்டினேன். மச்சான் தெருவோரம் நின்று பார்த்தார். நான் கூப்பிடவில்லை. தாமாகவே வந்து சுவரில் தண்ணீர் தெளித்து, "காஞ்ச செவுத்துல சிமெண்ட் புடிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷமாக வேலையில்லாத மனிதர்.

2-1-1968

பெருநாள். தொழுகை முடிந்து மச்சானைத் தழுவினேன். தோள் எலும்பு குத்தியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

30-1-1968

ஒன்றும் உடையவில்லை. உடையட்டும் என்று துஆ கேட்கிற வீட்டுக்காரன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

8-3-1968

உடையவில்லை. என் மனைவி பரிதா, "கண்ணாடியப் பாக்குற நேரத்துல என் மூஞ்சியப் பாருங்க" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

11-4-1968

வெயில் கொளுத்துகிறது. இன்று மூன்று துண்டு உடைந்தது!

27-4-1968

ஒன்பது உடைந்துவிட்டது. முதல் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டுக்குக் கயிறு பிடித்துப் பார்த்தேன். உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டை ஒட்டியே இருக்கின்றன. முனிராஜும் பார்த்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

6-5-1968

சவுரியப்பன் வந்தார். கிணறு தோண்டுகிற வேடியப்பனை வைத்து முனிராஜ் வாசலில் ஆழமாகக் குழி எடுக்கச் சொன்னார். தெருவே கூடிவிட்டது. குழியின் மேற்குப் பக்கம் பாறை. கிழக்குப் பக்கம் பச்சை பாய்ந்த களி, விரலால் அழுத்தினால் உதிர்கிறது.

"பிளவு இங்கதான் போவுது. ஆனா பயப்படாதீங்க" என்றார். "இது அடங்கிப் பல கோடி வருசமாச்சு. அசையறது பாறை இல்ல, நடுவுல நொறுங்கிக் கெடக்கிற இந்த மண்ணு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஒவ்வொரு வூடும் பாதி கல்லு மேல, பாதி களி மேல நிக்குது. அஸ்திவாரம் இன்னும் ரெண்டடி போயிருந்தா இந்தப் பக்கமும் கல்லு கெடச்சிருக்கும். ஒரு விரிசலும் வந்திருக்காது."

எல்லோரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். "கொத்தனாருக்கு இதுகூடத் தெரியாதா?" என்றார் முனிராஜ். மச்சான் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

அந்தப் பார்வை எதற்கு?

7-5-1968

டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டைரியை எடுத்தேன். அதிலிருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"18-7-1964. அஸ்திவாரக் குழியில் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் களி. இன்னும் இரண்டடி போகவேண்டும் என்று மச்சான் அடம் பிடித்தார். மழைக்கு முன் கூரை ஏறவேண்டாமா? போதும், கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு எப்போதும் இழுத்தடிப்புதான்."

என் கையெழுத்து. மறந்துபோயிருந்தேனா? இல்லை, மறக்கவேண்டும் என்று மறந்தேனா? அல்லாவே, அந்த மனுசனப் போயி...

8-5-1968

மச்சான் வீட்டுக்குப் போனேன். "ஏன் மச்சான் இத்தன நாளு வாயத் தொறக்கல?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்றது? நீ நிறுத்தச் சொன்ன. கரணை புடிச்சவன் நான், நான் ஏன் நிறுத்துனேன்?" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

10-5-1968

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியே எல்லோரையும் நிறுத்தி, டைரியின் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். சாயங்காலம் தெருவிலும் படித்தேன். முனிராஜ் என்னை அடிக்க வந்துவிட்டார். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடித்திருக்கலாம்.

19-5-1968

கடைக்கு யாரும் வருவதில்லை. முனிராஜ், கொடுத்திருந்த படத்தைச் சட்டம் போடாமலே வாங்கிக்கொண்டு போனார்.

25-5-1968

மச்சானைப் பாப்பாரப்பட்டியில் ஒருவர் வீடு கட்டக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். அவளாக வரவில்லை.

2-6-1968

விடிந்ததும் மச்சான் கடப்பாரையோடு தெருவுக்கு வந்தார், கூடவே வேடியப்பன். சுவருக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, கெட்டியான பாறை வரை கல் அடுக்கப் போகிறார்களாம். "பாப்பாரப்பட்டி வேலை?" என்றேன். "அது நிக்கும். மழை நிக்குமா? மொதல்ல முனிராஜ் வூடு. உன்னுது கடைசி" என்றார்.

கடையைத் திறக்கவில்லை. மண் சுமந்தேன். கை முழுக்கக் கொப்புளம். முனிராஜ் என்னோடு பேசவில்லை. ஆனால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் மச்சான் மார்பளவு குழிக்குள் இறங்கிவிட்டார். அடியில் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, "இன்னும் போவணும்" என்றார். கூடையை இறக்கினேன். எத்தனை அடி என்று கேட்கவில்லை.