தோல் சீட்டின் இரண்டு ஓரங்கள்

என்னங்க,

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் சீர்திருத்தம் நேற்று நம் வாசலில் நிறைவேறியது. நான் ஆசையாக வாங்கித் தந்த சைக்கிள் சீட்டின் தோல் ஓரங்களை, என் தையல் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டீர்கள்.

"தொடையில உரசுது. இது டிசைன் கோளாறு, உனக்குப் புரியாது" என்று பிரசங்கம் வேறு. "நல்ல பொருளைப் பாழாக்குறீங்களே!" என்று நான் கத்தியதும் உண்மைதான். இடது பக்கம் வெட்டு கூடிவிட்டதென்று வலதை வெட்டினீர்கள், வலது கூடிவிட்டதென்று மறுபடி இடதை. அப்புறம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தோம்.

காலையில் நீங்கள் தூங்கும்போது, ஸ்டாண்டு போட்டபடியே சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பெடலை மிதித்தால் பின்சக்கரம் காற்றில் சுழன்றது. பனிமூட்டத்தில் சுவரும் கேட்டும் நம் சண்டையும் மெல்லப் பின்னால் மிதந்து போயின. எங்கேயோ வெகுதூரம் போய்விட்டு, இருந்த இடத்திலேயே இறங்கினேன். சீட் சுகமாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவி ஜன்னல் திண்டில். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் சீட்டைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டாம். முதலில் குழாயைப் பார்க்கட்டும்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நீங்கள் சைக்கிள் ஓட்டும்போது போடும் பேண்டைத் துவைக்க எடுத்தேன். கிழிசலுக்கு நான் போட்ட ஒட்டுத் தையலின் நூல் முடிச்சு, தொடைப் பக்கம் உள்ளே கல் மாதிரி இருக்கிறது. உரசியது அதுதான்.