அத்தாவின் மூன்று கிலோ காஸ்டிக் சோடா

மேற்குத் தாம்பரம்
12 டிசம்பர் 2006

அன்பு மகள் சாஹிராவுக்கு அம்மா சித்திகா எழுதுவது. உன் மேல் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும். இங்கே எல்லாம் நலம், உன் அத்தாவின் இடது கையைத் தவிர, அதுவும் இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே. லீட்ஸில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவர் கதையையே எப்படிச் சொல்வது.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து ஓடுகிற ஃபேனைக் கழற்றி ஓடாமல் செய்வதுதான் அவருக்கு வேலை என்று உனக்கே தெரியும். போன மாதம் திடீரென்று துணி சோப்பு காய்ச்சி விற்கப்போகிறேன் என்றார். யாரிடமாவது கேட்டுச் செய்யுங்கள் என்றேன், எதுக்குக் கேக்கணும், எல்லாம் புக்குல கீது என்று நீ விட்டுப்போன கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரி படிச்சு இன்னா கிழிக்கப் போறா என்று சொல்லிவிட்டு, நீ பிளேன் ஏறுகிற அன்றைக்கு மீனம்பாக்கம் வரைக்கும்கூட வராத அதே மகான்தான். ஒன்றேகால் வருஷமாக உன்னிடம் பேசாத வாய், உன் புத்தகத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தது.

அந்தப் பாடத்தில் கொழுப்பு ஒன்றுக்குக் காஸ்டிக் சோடா மூன்று என்று சமன்பாடு போட்டிருக்கிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா, ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு மூன்று கிலோ காஸ்டிக் சோடா என்று எடுத்துக்கொண்டு, பாரிமுனைக்கு ரயிலேறிப் போய் வாங்கி வந்தார். நோன்பு முடிந்து சும்மா கிடந்த பள்ளிவாசல் கஞ்சி அண்டாவை இரவல் வாங்கி, கொல்லைப்புறத்தில் வைத்துத் தண்ணீரில் கரைத்தார். அலுமினிய அண்டா, சாஹிரா. அடுப்பே பற்றவைக்கவில்லை, அதுபாட்டுக்குப் புஸ்ஸென்று பொங்கிக் கருத்துப்போய், கொஞ்ச நேரத்தில் அடியில் ஓட்டை. கருவேப்பிலைச் செடி அங்கேயே மவுத்தாகிவிட்டது. தூக்கப்போனவர் கையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்துவிட்டது, குழாயடியில் பிடித்து வைத்துத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். பள்ளிவாசலுக்குப் புது அண்டா வாங்கிக்கொடுத்தபோது விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு சும்மா நின்றிருக்கிறார், நன்கொடை என்று நினைத்து ஹஜ்ரத் ஜும்மாவில் அவர் பெயரைச் சொல்லித் துஆ கேட்டுவிட்டார். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு ஆமீன் சொன்னாராம்.

அதற்கப்புறம் கொல்லைப்பக்கமே போகவில்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், அவ்வளவுதான். கம்பெனி மூடியபோதுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ரமா சேலையூர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லையா, அவளைக் கையோடு கூட்டிவந்தேன். இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, புக்கே தப்பும்மா என்றார். அவள் சிரிக்காமல், அண்ணா, அது எண்ணிக்கை, எடை இல்லை, ஒரு யானைக்கு மூணு எலின்னா ஒரு கிலோ யானைக்கு மூணு கிலோ எலியா என்று கேட்டாள். நான்தான் சிரித்துவிட்டேன். அந்த எண்ணிக்கைக்கு மோல் என்று ஒரு அளவாம், தேங்காய் எண்ணெய் ஒரு மோல் சராசரியாக அறுநூற்றைம்பது கிராம், காஸ்டிக் சோடா ஒரு மோல் நாற்பது, மூன்றுக்கு நூற்றிருபது, அப்படியானால் ஒரு கிலோ எண்ணெய்க்கு எவ்வளவு, நீங்களே போடுங்கள் என்று பேப்பரைக் கொடுத்தாள். எனக்கு நூற்றெண்பத்தைந்து கிராம் வந்தது. இவருக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது. புள்ளியை எங்கேயோ தொலைத்துவிட்டு என் கணக்கைத் தப்பு என்று சண்டை வேறு. கடைசியில், காரம் மிஞ்சிவிடக் கூடாதென்று என் கணக்குக்கும் ஐந்து கிராம் குறைத்தே எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சினோம், ரமா கூடவே நின்றாள். நல்லபடியாக உறைந்தது. சில வாரம் காயவைத்துவிட்டு நேற்றுத்தான் துவைத்துப் பார்த்தோம், துணியும் வெளுத்தது, கையும் கையாகவே இருக்கிறது. முடிச்சூர் ரோட்டுக் கடைக்காரர் பத்துக் கட்டி கேட்டிருக்கிறார்.

நான் எழுத வந்தது சோப்பைப் பற்றி இல்லை. சோப்பு காய்கிற இந்த நாட்களில் உன் அத்தா அந்தப் பாடத்தின் கடைசியில் இருக்கிற கணக்குகளைப் போட ஆரம்பித்துவிட்டார், ஒரு பிரயோஜனமும் இல்லாமல். அம்மோனியா எவ்வளவு வரும், எந்தப் பொருள் முதலில் தீரும், இதுதான் இப்போது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ஒரு கணக்கில் நைட்ரஜன் மிஞ்சுகிறது என்கிறார், விடையில் ஹைட்ரஜன் மிஞ்சுகிறது என்று போட்டிருக்கிறதாம். ரமாவும் ஊருக்குப் போயிருக்கிறாள். காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, சாஹிரா இருந்தா சொல்லிடுவா என்றார். நான் அரிசி களைந்துகொண்டே கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நான் எடுக்கமாட்டேன், குளித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே. அவர் எடுத்தால் பழசு எதையும் இழுக்காதே, அழாதே, முக்கியமாகச் சிரிக்காதே. முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடு. வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல கம்பளிச் சட்டையையும், உன் அத்தாவோடு பேசுகிற அளவுக்குப் பொறுமையையும் தரட்டும்.

உன் பிரியமுள்ள அம்மா,
பா. சித்திகா