மேட்டுப்பாளையத்து இன்டர்கூலர்

8 ஜூன் 2025, ஞாயிறு

வால்பாறையிலிருந்து சாயங்காலம் திரும்பினோம். என் வீட்டுக்காரர் டேவிட்சனின் தங்கை வீட்டில் விருந்து. மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு அதில் இல்லை. போகும்போது ஆழியாறு தாண்டிப் பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முன்னால் ஒரு பஸ். அது கக்கிய சூட்டில் என் வண்டி நொண்டிக்கொண்டே ஏறியது. மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது, இழுவை இல்லை.

காரணம் தெரியும். டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் வலு குறைவு. அதைக் குளிர வைக்கத்தான் முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் இருக்கிறது. கம்பெனி வைத்தது டிபன் பாக்ஸ் அளவு. ஊருக்குள் ஓட்டப் போதும், மலைக்குப் போதாது.

"பெருசா ஒண்ணு வாங்கி நானே மாட்டப்போறேங்க" என்றேன். "வண்டிதான் நல்லா ஓடுதே, கிளாடி" என்றார் டேவிட்சன். கணக்கு வாத்தியார். விடை வந்துவிட்டால் மேலே ஏன் போக வேண்டும் என்பார்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர். இருபது வருஷமாக அடுத்தவர் மாட்டியதைச் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது நானே மாட்டிப் பார்க்க வேண்டாமா?

12 ஜூன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் பார்ட்ஸ் பார்த்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் 'புஷ்' என்று சத்தம் போடும் வால்வு ஒன்று இருக்கிறது. வாங்க ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரில் கை வைக்கச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதுவும் வேண்டாம், எனக்குப் புரியாததை நான் தொடப்போவதில்லை. ஓடுவதைக் கூட்டுவதற்கு முன் நிற்பதைச் சரி செய்ய வேண்டும் - முதலில் நல்ல பிரேக் பேடு. பிறகு இன்டர்கூலர், அதற்கான சிலிகான் குழாய்கள். அவ்வளவுதான்.

15 ஜூன்

ஆராதனை முடிந்து வந்து பிரேக் பேடு நாலும் மாற்றினேன். மூன்று மணி நேரம். முழங்கையில் தோல் போனது. சந்தோஷம்.

20 ஜூன்

ஒரு பழைய இன்டர்கூலர் விற்பனைக்கு இருப்பதாக கார்க்காரர்கள் குழுவில் வந்தது. என் வண்டியின் மாடல்தான். மேட்டுப்பாளையம். போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். கணவரிடம் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவளே கேட்டாள்: "எதுக்குங்க மாத்தறீங்க? மலையில ஓட்டறதுக்கா, சும்மா காட்டறதுக்கா?" விலை பேசுவதற்கு முன் இந்தக் கேள்வி! பெயர் தேஜஸ்ரீ.

22 ஜூன், ஞாயிறு

மேட்டுப்பாளையம் போய் வந்தேன். தேஜஸ்ரீக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். அப்பா வெங்கடபதி காய்கறி மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குப் பின்னால் வீடு. வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவளுடைய கார் நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. சக்கரம் இல்லை, பம்பர் இல்லை. எல்லாவற்றையும் அவளே கழற்றியிருக்கிறாள். மாட்டியதும் அவளேதான். ஒவ்வொரு நட்டும் தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி.

எதற்கு விற்கிறாய் என்று கேட்டேன்.

"ஃபிட்ஸ் வந்துருச்சுங்க்கா. ரெண்டு தடவை. இனி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நல்லவேளை, ஓட்டறப்ப வரலையே" என்றேன்.

"ஓட்டறப்பத்தானுங்க வந்துச்சு. ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தேன். நெனவு வந்தப்ப கேட் தூண் சாஞ்சு கெடந்துச்சு. அந்த எடத்துல பத்து நிமிசம் முன்னாடி பக்கத்து ஊட்டுப் பாப்பா வெளையாடிட்டு இருந்துச்சுங்க."

இன்டர்கூலரைப் பழைய போர்வையில் சுற்றி, தூங்கும் குழந்தையைத் தருவது போல் கொடுத்தாள். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்றும் கூடவே.

29 ஜூன், ஞாயிறு

என்ன சொல்ல. என்னத்தச் சொல்ல!

ஆராதனை முடிந்து வந்ததும் பம்பரைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பொருத்தினேன். அதைத் தாங்கும் கொக்கி ஒரு பக்கம் இடித்தது. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாக்கியசாமி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கடையைத் திறந்து பத்து நிமிஷத்தில் வளைத்துக் கொடுத்தார். எல்லாம் அழகாக உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தேன். வண்டி உறுமி, திணறி, அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை போனேன். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க அடங்குகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஏதோ சிக்கல், ஓட ஓடச் சரியாகும் என்று இன்னொரு சுற்று - ஏன் போனேன்? எந்த அறிவுகெட்ட ஜென்மம் இன்னொரு சுற்று போகும்?

வீட்டு வாசலில் நிறுத்திக் கையைத் துடைக்கத் துணியைத் தேடினேன். துணி இல்லை.

இன்ஜினுக்குப் போகும் குழாயின் வாயில் நட்டு கிட்டு விழுந்துவிடக் கூடாதே என்று துணியை அடைத்திருந்தேன். எடுக்காமலே மேல் குழாயை மாட்டி இறுக்கிவிட்டேன். கம்பெனியில் பம்ப் வாயில் துணியை மறந்து வைத்ததற்காக எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன்!

குழாயைக் கழற்றி இழுத்தேன். துணி வந்தது. ஒரு மூலை இல்லை. கிழிந்து உள்ளே போயிருக்கிறது. எவ்வளவு தூரம்? வால்வு வரைக்குமா?

தேஜஸ்ரீக்குப் போன் செய்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். "ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க. வாரேனுங்க" என்றாள்.

ஒன்றரை மணி நேரத்தில் காய்கறி டெம்போ வாசலில் நின்றது. ஓட்டி வந்தது அவள் அப்பா. அவளைத் தனியாக எங்கும் விடுவதில்லையாம். அவரும் டேவிட்சனும் ஹாலில் காபியோடு உட்கார்ந்தார்கள். தேஜஸ்ரீ துணியை வாங்கித் தரையில் விரித்தாள். கிழிந்த மூலையை விரலால் அளந்தாள். "கட்டை விரல் அளவு துண்டு. வேற நூல் எதும் போகலீங்க." ஒயர் போல நீண்ட சின்ன கேமராவைப் போனில் சொருகி, குழாய்க்குள் விட்டாள். நான் டார்ச் பிடித்தேன்.

துண்டு, காற்றுக்கு வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. இன்னும் அரை அடி போயிருந்தால் இன்ஜின். நீள இடுக்கியால் பிடித்து இழுத்து, துணியின் மூலையில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

"அக்கா, தெருவை எத்தனை சுத்து சுத்துனீங்க?"

"ரெண்டு."

"ரெண்டா!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அவள் அப்பா வாசல்படி வரை வந்தார். அவளைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது அவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "அம்மணி, அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஏதாச்சும் ரிப்பேர் இருந்தா சொல்லுங்க. கூட்டியாரேன்."

ஸ்தோத்திரம். வேறு வார்த்தை தெரியவில்லை.

6 ஜூலை

ரிப்பேர் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். வந்தார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

இன்று நான் சொல்லிக்கொடுக்கும் முறை. குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று கம்பெனியில் பம்ப்புக்குச் செய்வதையே வண்டிக்கும் செய்தோம். ஒரு வாயை மூடி போட்டு அடைத்து, மெதுவாகக் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினோம். அவள் இன்டர்கூலரோடு வந்த, குழாயை இறுக்கும் கீழ் கிளாம்ப்பில் குட்டிக் குட்டியாகக் குமிழி. "நான் ரெண்டு வருசம் இதே கிளாம்ப்போட ஓட்டியிருக்கேனுங்க்கா, தெரியவே இல்லை" என்றாள். மாற்றினோம். குமிழி நின்றது. டேவிட்சன் கூட வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

10 ஆகஸ்ட்

பாழாக்கிவிட்டேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறிப் பார்க்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். தேஜஸ்ரீ இடது பக்கம் உட்கார்ந்தாள். வண்டி என்ன இழுவை! வெயிலில், ஏற்றத்தில், லாரிக்குப் பின்னாலிருந்து மிதித்தால் அப்படியே எழும்புகிறது. "பாத்தியா! எப்படி இழுக்குது பாத்தியா!" என்று கத்தினேன். மூன்று தடவையாவது கத்தியிருப்பேன். அவள் பக்கம் திரும்பவே இல்லை நான்.

"நிறுத்துங்க்கா."

ஓரம் கட்டினேன். தலை சுற்றுகிறதா என்று பதறினேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. என்ர வண்டியும் இப்படித்தான் இழுத்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க சொல்லித்தான் தெரியோணுமா? மூட்டை மாதிரி உக்காந்துட்டு வாரேன். என்னைய ஊட்ல உட்டுருங்க."

மண்டி வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

11 ஆகஸ்ட்

அவள் இழந்ததை வாங்கி வந்து அவள் முன்னாலேயே ஆடியிருக்கேன். எனக்கென்ன வயசு? பதினெட்டா? மன்னிச்சிரு என்று செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

24 ஆகஸ்ட்

இரண்டு ஞாயிறு போய்விட்டது. வண்டியை எடுக்கவில்லை, ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

காலையில் டேவிட்சன் பேப்பரோடு வந்தார். நவம்பரில் ஒரு கார் ராலி அறிவிப்பு. வேகப் போட்டி இல்லை. குறித்த சராசரி வேகத்தில், குறித்த வழியில், நொடி பிசகாமல் போக வேண்டும். சீக்கிரம் போனாலும் மார்க் போகும், தாமதமானாலும் போகும். எங்கே நிறுத்திச் சோதிப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது.

"விதிமுறை எல்லாம் படிச்சேன்" என்றார். "ஓட்டறவங்களுக்கு இதுல பெரிய வேலை இல்லை, கிளாடி. சொன்னபடி மிதிக்கணும், அவ்வளவுதான். வழி, கணக்கு, நேரம் - மொத்தப் போட்டியும் பக்கத்து சீட்லதான் நடக்குது."

அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக இந்த மனிதர் எதையும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேனே.

அவளுக்கு எப்படிச் சொல்வது? இரக்கப்படுகிறேன் என்று நினைத்தால்? விதிமுறைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

9 செப்டம்பர்

பதில் வந்தது. "நீங்க டயர் சைஸ் மாத்தியிருக்கீங்களா? ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு தப்பு காட்டுதுன்னு மொதல்ல பாக்கோணும்."

ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் நின்று மூன்று முறை படித்தேன்.

5 அக்டோபர்

மேட்டுப்பாளையம், அன்னூர், அவினாசி, திரும்பி. தேஜஸ்ரீ மடியில் அட்டை, கையில் ஸ்டாப்வாட்ச். "ஏழு நொடி முன்னாடி இருக்கீங்க. கொறைங்க. இன்னும் கொறைங்க." இப்படியே நாலு மணி நேரம். நான் இவ்வளவு மாட்டிய வண்டியை முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறேன். இன்டர்கூலருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

1 நவம்பர்

ராலிக்கான உடல்நலப் படிவம். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத்தான் தோன்றியது, அவளுக்கு இல்லை. டாக்டரின் கடிதத்தோடு எல்லாவற்றையும் எழுதினாள். ஒத்துக்கொண்டார்கள். ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள்: வண்டியை நிறுத்து, ஒருக்களித்துப் படுக்க வை, மணியைப் பார், வாயில் எதையும் வைக்காதே. போல்ட் முறுக்கும் அளவு எழுதிய அதே கையெழுத்து. மனப்பாடம் செய்துவிட்டேன்.

16 நவம்பர், ஞாயிறு

முதல் தடவையாக ஆராதனைக்குப் போகாத ஞாயிறு. ஆண்டவர் மன்னிப்பார்.

இருபத்தாறு வண்டிகள். ராலிக்காரர்கள் கொடுத்த வழிப்புத்தகத்தின் ஓரத்தில், மற்ற நேரங்களோடு நேரமாக, எட்டு மணிக்கு 'மாத்திரை' என்று தேஜா எழுதியிருந்தாள். எட்டு மணிக்கு, ஓடும் வண்டியில், கணக்கை நிறுத்தாமல் விழுங்கினாள். காரமடை தாண்டி ஒரு பிரிவில் நான் நேராகப் போய்விட்டேன். "லெஃப்ட்டுன்னு சொன்னேன்ல! காதுல என்ன வெச்சிருக்கே?" என்று கத்தினாள். ஒரு 'ங்க' கூட இல்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. திரும்பி வந்து, அதில் போன நாற்பத்திரண்டு நொடியை அடுத்த பத்து கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக் கொடுத்தாள்.

பதினொன்றாவது இடம். மேசையில் இருந்தவர் சான்றிதழை என்னிடம் நீட்டினார். "அவங்ககிட்ட கொடுங்க" என்றேன்.

திரும்பும் வழியில், சாப்பாடு முடிந்த வெயிலில், தேஜா தூங்கிவிட்டாள். தூக்கம் கெடக் கூடாது என்பது அவள் டாக்டரின் முதல் கட்டளை. நாற்பதுக்கு மேல் போகவில்லை நான். தக்காளி ஏற்றிய டெம்போவெல்லாம் ஹாரன் அடித்து முந்திப் போயின.

அவள் வீட்டு வாசலில் வெங்கடபதி ஐயா காத்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தவரை வேண்டாம் என்று கை காட்டினேன். ஏசி நின்றால் விழித்துவிடுவாளோ என்று இன்ஜினை அணைக்காமல் மெதுவாக இறங்கினேன். இரண்டு பேரும் வேப்பமர நிழலில் நின்றோம். அவர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, எப்படி ஓட்டுனா?"

திருத்தவில்லை நான். "நல்லா ஓட்டினாளுங்க" என்றேன்.