மூடி பறந்த ஜாடி

அன்பான என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நம் நிலத்தில் குடியேறுவதற்குள் எல்லாம் கற்றுவிட வேண்டுமென்று, வேலை பழக வந்த இந்தப் பண்ணையில் நானே முட்டைக்கோசை உப்புநீரில் புளிக்கப் போட்டேன். பத்திரமாக இருக்கட்டுமென்று ஜாடியை இறுக்கி மூடிவிட்டேன். நேற்று திறக்கப் போனால், மூடி பறந்துவந்து நெற்றியில் அடித்தது. சின்னக் காயம்தான், இரண்டு மூன்று தையல். பயப்படாதே.

பண்ணைக்கார அம்மா ஓடிவந்தார். "காத்து போக வழி விடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! சரி, ருசி எப்படி?"

நன்றாகவே வந்திருந்தது. மழைக்காலத்தில் கடைக்குப் போகாமலே சமாளித்துவிடலாம்.

இன்னொன்று. பாலாடைக்கட்டி வடிகட்டத் துணி வேண்டும். நீ கட்டும் பருத்திப் புடவையில் பாதியைக் கிழித்து அனுப்பு. துவைக்க வேண்டாம்; இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன், அதற்கு அவசரமில்லை; சில நாள் என் தலையணை மேல் இருக்கட்டும்.

பால் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உன்னவன்