ஒரு கேபினுக்கு இரண்டு தரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான். என் மண்டையைப் பற்றி மட்டும் கேட்காதே, அது உங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பொடிப்பொடியாகிக் கிடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "அம்மா, மரத்த பத்தி மட்டும் சொல்லு, மத்தது வேணாம்" என்று வெட்டிவிடுகிறாய். இந்தப் பக்கம் உன் அப்பா எதையோ தேடுகிற பாவனையில் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். போன வாரம் பேசும்போது வேறு, இந்த லீவுக்கு வீட்டுக்கு வரவில்லை, சிநேகிதிகளோடு மலைக்குப் போகிறேன் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கடிதத்தை உன்னால் நடுவில் வெட்ட முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டு நிலவரம். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் மரம். வியாழக்கிழமை காலையில் உன் அப்பா ஒரு வேனைப் பிடித்து நம் படகுக்கு ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட் வாங்கி வந்தார், ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு பலகை. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் இன்னொரு வண்டி. மரக்கடைக்காரர் இறங்கி, கட்டுக்கட்டாகத் தேக்குச் சட்டங்களை இறக்கி வைத்து, "உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க, காசும் கட்டிட்டாங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நம் படகு கேபினின் தரை எவ்வளவு? நான் ஒருத்தி படுத்தால் புரள இடமில்லை. அதற்கு இரண்டு தரை! மறுநாள் பார்க்க வந்த உன் அத்தை, "படகுன்னு சொன்னீங்க, இது கப்பலுக்கு ஆகும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நடந்துபோய் உட்கார்ந்தாள். அவள் புடவை ஒரு மரச் சிராயில் மாட்டிக் கிழிந்தது தனிக் கதை. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தப் பாழாய்ப்போன லேமினேட் பலகை. நம் ஹாலுக்கு வாங்கியதில் மிஞ்சியதை, காசு மிச்சம் என்று உன் அப்பா கேபினில் பரப்பினார். அது வீட்டுக்குள் போடுகிற சரக்கு, ஈரம் குடித்து உப்பிவிடும் என்று நீ முதல் நாளே சொன்னாய். உப்பியது. ஓரமெல்லாம் வாயைப் பிளந்தது. உன் வாக்குப் பலித்ததே, அதோடு விட்டிருக்கக் கூடாதா? படகுத்துறையில் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, "எங்கப்பா கடலுக்குள்ள ஹால் கட்டியிருக்காரு, வந்து பாருங்க" என்று கூவிக் கூப்பிட்டுக் காட்டினாய். அவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. "இனிமே நீ இந்தப் படகுல கால் வைக்காத" என்றார். அது கோபத்தில் சொன்னது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ "வைக்க மாட்டேன்" என்றாய். அடுத்த வாரமே புது வேலைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். விமான நிலையத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வருஷம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து தபால் வேலை எனக்கு. மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நாற்காலி ஆடினால் அடியில் காகிதத்தை மடித்து வைப்பேன், அவ்வளவுதான். என்னைப் பிடித்துக்கொண்டு அவர், "அவகிட்ட கேக்காத, சும்மா பேச்சுவாக்குல தெரிஞ்சுக்கோ, தேக்குதான் தண்ணிக்குத் தாங்கும், ஈரக் காலோட இறங்கினாலும் வழுக்காது, கடையில வெட்டி மிஞ்சின சட்டம் மலிவா கிடைக்கும், அவ என்ன நினைக்கிறான்னு பாரு" என்பார். நீயோ, "தேக்கு வாங்கி ஒவ்வொரு சட்டமா இழைச்சு ஒட்டறதுக்குள்ள அவர் முதுகு போயிடும், மரைன் பிளைவுட் போதும், ஓரத்த மட்டும் எபாக்ஸி பசை பூசி நல்லா அடைக்கணும், நான் சொன்னேன்னு சொல்லாத" என்பாய். நடுவில் மூங்கில் பலகை என்றாய், அதற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார். கார்க் என்றாய், பாட்டில் மூடியில் எல்லாம் நடக்க முடியாது என்றார். நீங்கள் சொல்வதில் பாதியை நான் வழியிலேயே விழுங்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்நேரம் இன்னும் நாலு சண்டை வந்திருக்கும். மரத்துண்டுகளை ஊறப்போட்டுப் பார்க்கிறேன் என்று என் குளியல் வாளியையும் எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் நான் குளித்ததைவிட மரம் குளித்ததுதான் அதிகம்.

இவ்வளவு கூத்தும் அடித்துவிட்டு, கடைசியில் யாரிடமும் மூச்சுவிடாமல் அவர் போய் நீ சொன்ன பிளைவுட்டை வாங்கி வருகிறார், நீ அங்கிருந்து அவர் சொன்ன தேக்கை அனுப்பி வைக்கிறாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சண்டை போடும்போது ஊரே கேட்கிற மாதிரி போட்டீர்களே, விட்டுக்கொடுக்கும்போது மட்டும் இருவருக்கும் வாய் அடைத்துப்போகுமா? ஒரு போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே அச்சில் மண்டையை வார்த்துவிட்டார்கள், நான் என்ன செய்ய?

தேக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முறைத்த முறைப்பில் நான் சமையலறைக்கே போய்விட்டேன். அப்புறம் பிளைவுட்டைப் படகுக்குக் கொண்டுபோய் அறுத்து, கேபினில் பொருத்தி, நீ சொன்னபடியே ஓரங்களை எபாக்ஸி பூசி அடைத்தார். அந்த நாற்றம் அவர் சட்டையிலிருந்து இன்னும் போகவில்லை. தேக்குக் கட்டுகளை மட்டும் அவிழ்க்கவில்லை. அதைப் பிளைவுட்டின் மேலேயே ஒட்டலாமாம், பக்கத்துப் படகுத் தாடிக்காரர் சொன்னார், கூட நின்று ஒட்டித் தருவதாகவும் சொன்னார். "வேணாங்க, அனுப்பினவங்க மனசுல ஒரு கணக்கு இருக்கும்" என்று உன் அப்பா தட்டிக்கழித்துவிட்டார். அனுப்பினவள் லீவுக்கு மலைக்குப் போகிறாளாம் என்றேன். காதில் விழாத மாதிரி பிரஷைக் கழுவப் போனார். அதையே ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார், எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் அறையில் ஒழுகுகிற குழாயை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல், கூச்சப்படாதே. லீவுக்கு எழுதிக் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

நேற்று அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். தரை நன்றாகத்தான் வந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. அடியில் சேருகிற தண்ணீரை இறைக்க, ஏணிக்குப் பக்கத்தில் ஒரு மூடிப்பலகை வைத்திருக்கிறார், அதைத் தூக்க விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. நான் குனிந்து தூக்கிப் பார்த்தேன், முழங்கை ஏணியில் இடித்தது. இன்னொரு தடவையும் இடித்தது. "ஓட்டைய இடம் மாத்திப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "சரியாத்தான் போட்டிருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அடியே, அவர் வலது கைக்காரர், நானும் அப்படித்தான். இந்த வீட்டில் இடது கைக்காரி நீ ஒருத்திதான்.

இதைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் நான் நடுவில் நின்று சேதி சொல்லிக்கொண்டிருந்தால் என்னைவிட முட்டாள் கிடையாது. இனி தேக்கைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அவரிடம் கேள். என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. உன் அப்பாவின் ஆசியை நான் சுமந்துகொண்டு வரப்போவதில்லை, நீயே போன் பண்ணி வாங்கிக்கொள்.

தபால் வேலையை இன்றோடு விட்டுவிட்ட,
உன் அம்மா