மிஷ்டிக் கடைக்குள் பதினோரு மரங்கள்

மார்ச் 5, 2025, புதன்

காலை முழுவதும் உலகத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலை. (பால் வாங்கினேன், துளசிக்குத் தண்ணீர் விட்டேன்.) அதற்குள் ஹம்சினி ஆபீஸிலிருந்து ஒரு கருவியோடு வந்தாள். கையடக்க ஜி.பி.எஸ்.ஸாம். பார்த்தால் டி.வி. ரிமோட்டுக்கும் பழைய பட்டன் போனுக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கிறது.

ஹம்சினி, துர்காபூரில் இருக்கும் என் அண்ணா சுந்தரேசனின் பெண். டாக்குரியாவில் எங்களோடு இருந்துகொண்டு மேப் போடும் ஒரு சின்ன கம்பெனிக்குப் போகிறாள். ஆறு மாத ஒப்பந்தம், மார்ச் 31 கடைசி. டாக்குரியாவிலிருந்து கரியாஹாட் வழியாக பாலிகஞ்ச் வரை தெரு மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். அவள் பங்கு சரியாக முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் துர்காபூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணா அங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை பார்த்து வைத்திருக்கிறான். கூடவே ஒரு பையனையும் பார்த்து வைத்திருப்பான், எனக்குத் தெரியாதா.

"இதைக் கையில வெச்சுண்டு நடந்தா, எத்தனை மணிக்கு எங்க இருந்தோம்னு குறிச்சுண்டே வரும் சித்தப்பா. காமிரா தனி. படம் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு அதுல இருக்கும். கம்ப்யூட்டர் ரெண்டு மணியையும் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மரத்தையும் மேப்புல அந்தந்த இடத்துல நிறுத்தும்."

"இதை நான் 1981லேயே யோசித்துவிட்டேன். சோம்பலால் விட்டுவிட்டேன்" என்றேன்.

"தெரியும். ரேடியோவும் நீங்கதானே."

மார்ச் 14, வெள்ளி

தோல், அதாவது இந்த ஊர் ஹோலி. மாடிப்படி முழுக்கச் சாயத் தண்ணீர். அதில் ஹம்சினி வழுக்கினாள். கணுக்கால் ஹௌரா பாலத்தின் தூண் அளவுக்கு வீங்கிவிட்டது. கீழ்வீட்டு டாக்டர் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார், ஆனால் பத்து நாள் காலைத் தரையில் வைக்கக் கூடாதாம்.

இன்னும் எண்பத்தாறு மரம் பாக்கி. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"நேரம் கேளேன்" என்றாள் என் மனைவி ஜெயலக்ஷ்மி.

"கேட்டா மேக்னாதி வேற யாருக்காவது கொடுத்துடுவா சித்தி. அப்புறம் என்னை எதுக்கு நிரந்தரம் பண்ணணும்?"

மேக்னா அவளுடைய மேலதிகாரி. பெயரோடு ஒரு 'தி' சேர்த்தால் அக்கா ஆகிவிடுகிறாள், ஆனாலும் பயம் குறையவில்லை.

மார்ச் 15, சனி

நாளை நான் போகிறேன். வேண்டாம் என்று ஹம்சினி மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை கருவியை எப்படி ஆன் செய்வது என்று காட்டினாள்.

மார்ச் 16, ஞாயிறு

என் திக்விஜயம் இனிதே முடிந்தது.

ராத்திரி காமிராவின் பேட்டரியைச் சார்ஜுக்குப் போட்டிருந்தோம். காலையில் மாட்டியதும் தேதி என்ன, மணி என்ன என்று கேட்டது. பெண் தூங்குகிறாள், எழுப்புவானேன்? ஹால் கடிகாரத்தைப் பார்த்து நானே வைத்தேன். இந்த மாதிரி நுணுக்கங்களில் எனக்கு இணை பாரதத்தில் கிடையாது.

மொட்டை மாடியில் ஜி.பி.எஸ்.ஸை நீட்டினேன். ஒன்பது செயற்கைக்கோள்கள் வந்து நின்றன. பெரிய மனிதர் வெளியே கிளம்பும்போது இது சகஜம்.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். வேம்பு, அரசு, கடம்பு, பெயர் தெரியாத நாற்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் – எதிரே நிற்பது, படம் எடுப்பது, தண்டைத் தட்டிக்கொடுப்பது. தட்டிக்கொடுப்பது நானாகச் சேர்த்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், "கீ கொர்ச்சேன் தாதா?" (என்ன செய்கிறேனாம்) என்று விசாரித்தார். விண்வெளி ஆராய்ச்சி என்றேன். அவர் நகர்ந்து நின்று வழிவிட்டார்.

பத்தரைக்குள் எண்பத்தாறும் ஆயிற்று. நடுவே கரியாஹாட் பக்கம் இருபத்திரண்டு நிமிஷம் இளைப்பாறல். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதுவதற்கில்லை. இந்த டயரி இருக்கும் அலமாரியை ஜெயாவும் துடைக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

படங்களும் நடந்த வழியும் ஆபீஸுக்கு அனுப்பியாயிற்று. ஆள் வந்து காமிராவையும் கருவியையும் வாங்கிப்போனார். "சித்தப்பா, நீங்க தெய்வம்" என்றாள் ஹம்சினி. மறுத்துப் பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மத்தியானம் மேக்னாவிடமிருந்து போன். ஹம்சினி "ஹ்யா, ஹ்யா தி" என்று ஆமாம் போட்டாள். லாப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"கரியாஹாட் பக்கத்துல ஒரு மிஷ்டிக் கடைக்குள்ள பதினோரு மரம் நிக்கறது."

"செழிப்பான கடை."

"விளையாடாதீங்கோ. நம்ம ஃபிளாட்டுக்குள்ள ஆறு. மூணாவது மாடியில. அதுல ரெண்டு அரசமரம்."

"அதான் ஹால்ல உட்கார இடமே இல்லை" என்றாள் ஜெயா.

நான் சிரித்தேன், ஜெயா சிரித்தாள். ஹம்சினி சிரிக்கவில்லை. மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்பத்தாறில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லிச் சரிசெய்யாவிட்டால் இந்த எண்பத்தாறும் தள்ளுபடி. அப்படியானால் அவள் பங்கு முடியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் துர்காபூர்.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? நடந்தேன், நின்னேன், அமுக்கினேன். இதுல தப்பு பண்ண என்ன இருக்கு? ஒரு பொண்ணோட பொழப்புல கையை விட்டு – அறுபத்தேழு வயசுக்கு இந்த வீறாப்பு தேவையா எனக்கு?

இதற்கு நடுவில் ஜெயா: "அது சரி, மிஷ்டிக் கடையில உங்களுக்கு என்ன வேலை?"

"நிழலுக்கு ஒதுங்கினேன்."

"காலம்பற எட்டு மணிக்கு நிழலா?" என்றாள், மேப்பில் மணியைப் பார்த்து.

மிஷ்டி என்றால் இனிப்பு; ஜனவரி ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, அதை மனதாலும் தீண்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

ஹம்சினி கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி, எங்கள் வம்சம்.

"மரமெல்லாம் ஒரே மாதிரி தள்ளிப் போயிருக்கு சித்தப்பா. ஒவ்வொண்ணும் நீங்க கொஞ்ச நேரம் கழிச்சுப் போன இடத்துல நிக்கறது. கடைசி ஆறை எடுத்துட்டு நீங்க வீட்டுக்கு வந்துட்டேள், அதனால அது வீட்டுல. அப்படின்னா காமிரா மணி வேகமா இருந்திருக்கு. எதைப் பார்த்து வெச்சேள்?"

நான் கையை நீட்டினேன். மூவரும் ஹால் கடிகாரத்தைப் பார்த்தோம். அது எங்களை ரொம்ப சாதுவாகப் பார்த்தது.

எங்கள் வீட்டுக் கடிகாரம் சரியான மணி காட்டினதே கிடையாது. லோக்கல் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று அப்பா காலத்தில் பத்து நிமிஷம் கூட்டி வைத்தார்கள். பத்து கூட என்று எல்லாருக்கும் பழகிப்போனதும் எல்லாரும் பத்தைக் கழித்துவிட்டுத் தாமதமாகக் கிளம்பினோம். அதனால் ஜெயா அவ்வப்போது யாருக்கும் சொல்லாமல் முள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளுவாள். எவ்வளவு என்று தெரியாததால்தான் எல்லாரும் நேரத்துக்குப் போகிறோம். இருபத்தெட்டு வருஷமாக நடக்கும் ராஜ்ஜிய ரகசியம் இது. நான் அதைப் பார்த்தே காமிராவில் மணி வைத்திருக்கிறேன்!

"அன்னிக்கு எத்தனை நிமிஷம் கூட இருந்தது சித்தி?"

"பதினஞ்சோ, இருபதோ, யார் கண்டா? அதுக்கப்புறம் வேற ஒரு தடவை தள்ளிட்டேன்."

காமிராவிலும் தடயம் இல்லை. ஆபீஸில் மறுநாளே மணியைத் திருத்திவிட்டார்களாம். உத்தேசமாக நகர்த்தினால் மேக்னா ஒப்புக்கொள்ள மாட்டாளாம். இத்தனை நிமிஷம் என்று காட்ட ஆதாரம் வேண்டும்.

ஹம்சினி சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மார்ச் 27, வியாழன்

ஆதாரம் இருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

அன்று அந்தக் கடையில் – எழுதிவிடுகிறேன் – இரண்டு கசோரி, தொட்டுக்கொள்ள ஆலுதம் என்கிற உருளைக்கிழங்கு மசால், நாலு ஜிலேபி, ஒரு ரசகுல்லா. அத்தனை அழகாக வந்து உட்கார்ந்தன, மரத்துக்கு எடுத்த காமிராவாலேயே ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் என் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டுக் காமிராவிலிருந்து அழித்தேன். மன்னர்கள் ஓவியம் வைத்துக்கொள்வதில்லையா?

இன்று ஜெயா குளிக்கப் போன நேரம் பார்த்து அதைத் திறந்தேன். தட்டுக்குப் பின்னால் கடையின் டி.வி., செய்திச் சானல். அதன் மூலையில் மணி: 8.07. காமிரா அந்தப் படத்துக்குப் போட்டிருந்த மணி: 8.24.

பதினேழு நிமிஷம்!

காட்டினால் ஜெயா. காட்டாவிட்டால் துர்காபூர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தது, வெட்கத்தோடு எழுதுகிறேன், ஐந்து நிமிஷம் இருந்தது.

இரண்டு பேரையும் கூப்பிட்டு லாப்டாப்பில் போட்டேன். ஹம்சினி மணியைப் பார்த்தாள். ஜெயா தட்டைப் பார்த்தாள்.

"சித்தப்பா! பதினேழு!"

"நாலு" என்றாள் ஜெயா. "நாலு ஜிலேபி."

"ஜெயா, ஒரு பெண்ணின் எதிர்காலம் –"

"அன்னிக்கு மத்தியானம் பாகற்காய்க் கறியைத் தின்னுண்டே, நாக்கே செத்துப்போச்சுன்னு சொன்னேளே. எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொன்னேள்?"

ஹம்சினி எதையும் காதில் வாங்கவில்லை. பதினேழைக் கழித்து மறுபடி பொருத்தினாள். மிஷ்டிக் கடையிலிருந்து பதினோரு மரங்களும் வெளியே வந்தன. எங்கள் ஹாலைக் காலிசெய்துகொண்டு ஆறும் படியிறங்கின. எண்பத்தாறும் வரிசையாகப் போய்த் தத்தம் தெருவில் நின்றுகொண்டன. அப்பாடா. நெஞ்சின் மேல் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த யானை, குடும்பத்தோடு இறங்கிப் போயிற்று. அந்தப் பெண் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், என் சட்டையில் மூக்கையும் துடைத்தாள்.

ஜெயா பேசவில்லை. ஆனால் சாப்பாடு போட்டாள். பாகற்காய்.

மார்ச் 28, வெள்ளி

ஹம்சினி கைத்தடியோடு டாக்சியில் ஆபீஸுக்குப் போனாள். நடந்தது நான் என்பதை மட்டும் சொல்லாதே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"பதினேழு நிமிஷம்னா யாரோட கடிகாரம்னு கேப்பா. இல்லைன்னாலும் சொல்லிடப் போறேன் சித்தப்பா. முதல்லயே சொல்லியிருக்கணும்."

சாயங்காலம் வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அரை மணி நேரம் திட்டாம். நாளைக்கு மேக்னாவே வந்து பத்து மரங்களை நேரில் சரிபார்க்கப் போகிறாள், நானும் கூட வர வேண்டுமாம்.

மார்ச் 29, சனி

மேக்னா ஒல்லியாக, சின்னப் பெண்ணாக இருக்கிறாள். நான் எதிர்பார்த்தது மகிஷாசுரமர்த்தினியை.

வேறொரு ஜி.பி.எஸ்.ஸோடு வந்தாள். பத்து மரங்களையும் அவளே பொறுக்கினாள். ஒவ்வொன்றின் அடியிலும் நின்று எண்ணைப் படித்தாள், மேப்போடு ஒப்பிட்டாள். மூன்று மீட்டர் வித்தியாசம். ஐந்து மீட்டர். நாலு. இந்தக் கருவிக்கு அவ்வளவு பிசகு உண்டாம், மன்னிப்பு உண்டாம். ஒவ்வொரு மரத்துக்கும் என் ஆயுளில் ஒரு வருஷம் திரும்பி வந்தது. பத்தாவது மரத்தடியில் எனக்கு ஐம்பத்தேழு வயது.

கடைசியில் நோட்டை மூடிவிட்டு ஆங்கிலமும் வங்காளமும் கலந்து, என்னைத் தனக்கும் சித்தப்பாவாக்கிச் சொன்னாள்: "காக்கு, எங்கள் ஃபாரத்தில் 'நடந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. நீங்கள் போவதாக முன்னாலேயே சொல்லியிருந்தால் உங்கள் பெயரையே எழுதியிருப்பேன். ஒளித்தீர்களே, அதுதான் தப்பு."

"தப்புதான்" என்றேன். சரித்திரத்தில் முதல் தடவை.

மார்ச் 31, திங்கள்

ஒப்பந்தம் முடியும் நாள். ஈத் விடுமுறை, ஆபீஸ் கிடையாது. செய்தியும் கிடையாது. ஹம்சினி தன் புடவைகளை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். பெட்டியை மட்டும் இன்னும் கீழே இறக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு மெயில் வந்தது. நிரந்தரம்!

ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பதால் நான் நம்பவில்லை. நானே மேக்னாவுக்குப் போன் செய்து உறுதிசெய்துகொண்டேன். அவள் சிரித்த சிரிப்பு பாலிகஞ்ச் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

அண்ணாவிடம் ஹம்சினி சொன்னாள். அவன் "அப்படியா" என்றான். அப்புறம், "கால் எப்படி இருக்கு கண்ணா?" என்றான்.

பதினேழு வருஷம் கழித்துத் தூங்குகிறவனைப் போல மத்தியானம் தூங்கினேன்.

ஏப்ரல் 16, புதன்

திங்கட்கிழமை நம் புத்தாண்டு, நேற்று வங்காளிகளுடையது. ஜெயா தன் கையாலேயே அரைச் சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள். மீதி அரையை என் கண் முன்னாலேயே அவள் சாப்பிட்டாள். பேச்சுவார்த்தை முழு அளவில் நடக்கிறது.

ஹம்சினி இன்று ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். ஆபீஸில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்களாம், அவர்களுக்கு இவள்தான் சொல்லித்தர வேண்டுமாம். இப்போது நொண்டவே இல்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"முதல் பாடமே உங்க மேப்தான் சித்தப்பா. மிஷ்டிக் கடைக்குள்ள பதினோரு மரம். சுவர்ல பெரிசா போட்டுக் காட்டினேன், மூணு பேரும் அப்படிச் சிரிச்சா. இனிமே காமிராவுல மணி பார்க்காம ஒருத்தரும் வெளியில போக மாட்டா."

"யார் நடந்ததுன்னு சொன்னியா?"

"சேச்சே. பேரே போடலை. கவலைப்படாதீங்கோ."

"ஓஹோ" என்றேன்.

உள்ளே போய்க் காபி கேட்டேன். திரும்பி வந்தேன்.

"இல்லை, சும்மா கேக்கறேன் – ஓரத்துல, சின்ன எழுத்துல கூடவா போடலை?"